லீவுக்கு வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள்: கணப்புச் சட்டியை அறைக்குள் வைக்கலாமா?

கொழுந்து_மலை (மூணாறு)

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு லீவுக்கு அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. அண்ணி, ஆறு வயதுப் பையன், ஒரு கைக்குழந்தை. பொங்கல் வரைக்கும் அண்ணியும் பிள்ளைகளும் இங்கேதான்.

எங்களுடையது பழைய லயம், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் சின்னத் திண்ணை. போன மழைக்குப் பிறகு தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்தோம். மர ஜன்னல் உளுத்துப் போனதால் அலுமினியம் ஸ்லைடிங் போட்டாகிவிட்டது. இப்போது காற்று உள்ளே வருவதில்லை, ஆனாலும் குளிர் விடுவதில்லை. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஜனவரி பிறந்தால் செண்டுவரை, லட்சுமி, குண்டளை எஸ்டேட் பக்கமெல்லாம் விடியற்காலையில் புல் வெள்ளையாக இருக்கும்.

அம்மா சொல்வது இதுதான்: "பச்சப்புள்ள இந்தக் குளிரைத் தாங்காது, ராத்திரி கட்டில் பக்கத்துல கங்குச் சட்டி வச்சே ஆகணும்." எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்லவும் தெரியவில்லை. வெறுமனே "ஆபத்து" என்றால் கேட்க மாட்டார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பழைய_லயம்

பாப்பா, நான் எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டிலேயே ரிட்டயர் ஆனவன். என் அப்பா, தாத்தா காலத்திலிருந்து கணப்புப் போட்டுத்தான் படுத்தோம். பிள்ளைகள் ஐந்து பேரும் அந்தச் சூட்டில்தான் வளர்ந்தார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். பச்சை விறகைப் போடக் கூடாது. வாசலில் வைத்து எரிய விட்டு, புகை முழுக்க அடங்கி, கங்கு சிவந்த பிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும். புகை இல்லாத கங்கு ஒன்றும் செய்யாது. பிள்ளை உதைத்துக் கொட்டாத மாதிரி தள்ளி வைத்தால் போதும்.

வார்டு_அக்கா (குமுளி)

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே இதை மறுக்கிறேன். நான் வார்டில் வேலை பார்க்கும் செவிலி. "புகை இல்லாத கங்கு ஒன்றும் செய்யாது" என்ற அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்வது.

பச்சை விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், தூங்குகிறவன் எழுந்து கதவைத் திறந்துவிடுவான். கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தொண்டையில் கரகரப்புக்கூட வராது. கரி முழுசாக எரியப் போதுமான காற்று இல்லாதபோது அது உண்டாகும். மேலே சாம்பல் பூத்து, அணைந்த மாதிரி தெரியும் கங்கும் மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மூச்சு ஓடினாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது, தூக்கம் அப்படியே மயக்கமாகிவிடும். சின்னக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூருக்குச் சுற்றுலா போன கேரளக்காரர்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்குப் பயந்து கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் உள்ளே தாழிட்டுப் படுத்தவர்கள். அங்கே எதுவும் தீப்பிடிக்கவில்லை. ஒரு போர்வைகூடக் கருகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கிளிப், அதாவது ஆக்சிஜன் பார்க்கும் கருவி, பல வீடுகளில் இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று அதை மாட்டிப் பார்த்துவிட்டு "98 காட்டுகிறது, ஒன்றுமில்லை" என்று திரும்பப் படுத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல எண்ணையே காட்டும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே வந்தால் குறைகிறது என்றால், எல்லோரையும் வெளியேற்றி 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் "அறைக்குள் கரி எரிந்தது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் அந்த வாயு ரத்தத்திலிருந்து வேகமாக இறங்கும். சொல்லாவிட்டால் சளி, காய்ச்சல், பித்தம் என்று நேரம் ஓடிப்போகும்.

பழைய_லயம்

அம்மா, நீங்கள் படித்தவர், சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அத்தனை வருஷம் எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சித்தூர்_வயர்மேன் (பாலக்காடு)

அண்ணாச்சி, அதற்குப் பதில் பாப்பாவின் முதல் பதிவிலேயே இருக்கிறது. உங்கள் காலத்து லயத்தில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. மர ஜன்னல் சரியாகச் சாத்தாது. கதவுக்கு அடியில் எலி போகும். அடுக்களையில் புகைக்கூண்டு. அறைக்குள் எது எரிந்தாலும் அந்தச் சந்து வழியாகப் போய்விட்டது. குளிரும் அதே வழியாக வந்தது, அதனால்தான் கணப்பே தேவைப்பட்டது. இப்போது சீலிங் வந்துவிட்டது, ரப்பர் பட்டை வைத்த ஸ்லைடிங் ஜன்னல் வந்துவிட்டது, கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைக்கிறோம், ஓட்டைக்கு பிளக்ஸ் ஷீட் அடிக்கிறோம். வீடு மூடிய டப்பாவாக ஆகிவிட்டது, கணப்பு மட்டும் பழையபடி இருக்கிறது. உங்கள் பழக்கத்தில் குற்றமில்லை. அந்தப் பழக்கம் இருந்த வீடு இப்போது இல்லை.

நான் மூணாறு, நெல்லியாம்பதி இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறவன். பழைய வீட்டைப் புதுப்பிக்கிற எல்லோரும் டைல்ஸ் கேட்கிறார்கள், சீலிங் கேட்கிறார்கள். காற்றுப் போக்கி வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை.

ஹீட்டரைப் பற்றியும் சொல்கிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கரண்ட் ஹீட்டரில் இந்த வாயு வராது, அந்த வகையில் நல்லது. ஆனால் 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். டிவிக்கும் போன் சார்ஜருக்கும் வைத்திருக்கிற சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதைச் சொருகினால் முதலில் பிளக் சூடாகும், அப்புறம் பிளாஸ்டிக் நிறம் மாறும், கடைசியில் சுவருக்குள் ஒயர் உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுவது இன்னும் மோசம். பெரிய பின்னுள்ள 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று தனி ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்). இது இல்லாமல் ஹீட்டர் வாங்காதீர்கள். கட்டில், திரை, போர்வை எல்லாம் மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். குழந்தைத் துணி காயவில்லை என்று ஹீட்டர் மேலேயே விரிக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பெரியாறு_டிரைவர் (வண்டிப்பெரியாறு)

இதை வீட்டோடு நிறுத்தாதீர்கள். இப்போது ஐயப்பன் சீசன். இரவில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏற்றி, இன்ஜினை ஓட விட்டு ஏசியில் தூங்குகிறவர்கள் நிறைய. 2024 டிசம்பரில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தது ஜெனரேட்டர் புகையில் இருந்த இதே வாயுவால்தான். சாமிமார்கள் வண்டிக்குள் சின்ன கேஸ் அடுப்பை வைத்துக் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) போடுவதையும் பார்க்கிறேன். சொன்னால் சில பேர் இறங்கி வெளியே வைப்பார்கள், சில பேர் "சாமி பார்த்துக்கும்" என்பார்கள். நான் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பனிமலை_ஹோம்ஸ்டே

சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கேம்ப்ஃபயர் முடிந்ததும் விருந்தினர்கள் பார்பிக்யூ அடுப்பை அப்படியே அறைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். கொடைக்கானலில் 2024-ல் அப்படி வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்த பிறகு, அடுப்பைக் கையில் எடுத்து நானே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். கதவைச் சாத்திக் குளிக்கிற சின்ன அறையில் கேஸ் எரிந்தால் இதே கதைதான். நீண்ட நேரம் கதவு திறக்கவில்லை என்றால் தட்டிப் பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. பெட்டியில் பார்த்து வாங்குங்கள். படுக்கிற அறையில் வைக்க வேண்டும்.

மறையூர்_கரும்பு

தீ என்றாலே எரிகிற தீயைத்தான் நினைக்கிறோம். எங்கள் மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக் கொட்டகைக்குள் பிள்ளைகளை விட மாட்டோம். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டு கையில் தெறித்தால் அது தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, தோலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வேகும். லீவுக்கு வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வேடிக்கை. கொட்டகை வாசலில் ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டினால் வெல்லம் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

வீட்டிலும் அதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு அச்சப்பம், குழலப்பம், முறுக்கு என்று நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் முதலில் புகையும், அப்புறம் தானே பற்றிக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை மோட்டுவளை வரைக்கும் தூக்கி அடிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, பக்கத்தில் தயாராக வைத்த பெரிய தட்டை ஓரத்திலிருந்து தள்ளி மூட வேண்டும். ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது. பலகாரம் சுடுகிற அன்றைக்கு அந்தத் தட்டை முதலிலேயே எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட வேண்டும், தேடுகிற பொருளாக இருக்கக் கூடாது.

வார்டு_அக்கா (குமுளி)

மறையூர் அண்ணன் சொன்னதை ஒட்டியே சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் எங்களிடம் வருகிற குழந்தைகளில் நெருப்பு பட்டவர்களைவிட வெந்நீர், டீ, குழம்பு கொட்டியவர்கள்தான் அதிகம். குளிக்க வெந்நீர் வாளியைத் தரையில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போகிற அந்த ஒரு நிமிஷம் போதும், தவழ்கிற குழந்தை பின்பக்கமாக வாளிக்குள் உட்கார்ந்துவிடும். பழக்கத்தை மாற்றுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். மடியில் குழந்தை இருந்தால் கையில் டீ வேண்டாம்.

சுட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். பேஸ்ட், மை, மஞ்சள், வெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் பூசாதீர்கள். நாங்கள் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை கதறுவதைக் கேட்க முடியாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டு வாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஜனவரி மாதம் மூணாற்றுக் குழாய்த் தண்ணீர் விறைக்க வைக்கும். சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விழட்டும், மற்ற உடம்பைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். குழந்தையை முழுசாக அந்தத் தண்ணீரில் உட்கார வைத்தால் உடம்பு சில்லிட்டு அது வேறு ஆபத்தாகிவிடும். ஐஸ் வேண்டவே வேண்டாம்.

கொழுந்து_மலை, கைக்குழந்தைக்குக் கணப்பு தேவையில்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மெல்லிய பருத்தித் துணி இரண்டு மூன்று அடுக்கு, கால் சாக்ஸ். முகத்தை மூடுகிற கனமான கம்பளி வேண்டாம். பாட்டி விழித்திருக்கும்போது நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும், அந்தச் சூடு எந்தச் சட்டியிலும் வராது. ரப்பர் வெந்நீர்ப் பை வைத்துப் படுக்கையைச் சூடாக்கலாம், ஆனால் குழந்தையைப் படுக்க வைக்கும் முன்னால் பையை எடுத்துவிட வேண்டும்.

நகரி_தறி (சித்தூர் மாவட்டம், ஆந்திரா)

எங்களுக்கு உங்கள் அளவு குளிர் இல்லை, ஆனால் போகி இருக்கிறது. இங்கே தெலுங்குக்காரர், தமிழர் எல்லோரும் விடிகாலை நாலு மணிக்கே தெருவில் தீ மூட்டுவோம். பிள்ளைகள் வரட்டியைச் சின்னச் சின்னதாகத் தட்டி, மாலையாகக் கோத்து, கொண்டு வந்து தீயில் போடுவார்கள். அது அழகான பழக்கம், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

நிறுத்தச் சொல்வது இரண்டு விஷயத்தை. ஒன்று, தீ மந்தமானதும் பெட்ரோல் ஊற்றுவது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவி, தீ கேன் வரைக்கும் திரும்பி வரும். இரண்டு, புதுத்துணி. விடிந்ததும் பட்டுப்பாவாடை, நைலான் சட்டை போட்டுப் பிள்ளைகளைத் தீ முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். நான் தறிக்காரன், நூலைப் பற்றித் தெரிந்து சொல்கிறேன். பாலியஸ்டரும் நைலானும் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். தீ முன்னால் நிற்கும்வரை பருத்தி போட்டுவிடுங்கள், துப்பட்டாவைப் பின்னால் முடிந்து விடுங்கள். துணி பற்றினால் ஓடக் கூடாது, ஓடினால் காற்று பட்டு இன்னும் எரியும். தரையில் விழுந்து உருள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ கோணியோ போட்டு மூட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை விளையாட்டாகவே செய்து காட்டிவிடுங்கள். பயந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

டயர் எரிக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பனிமலை_ஹோம்ஸ்டே

சிலிண்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆட்கள் வந்தால் சமையல் கூடும், நடு ராத்திரியில் சிலிண்டர் மாற்றுவோம். மேல் வளையத்தில் உள்பக்கம் A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குக் கூப்பிடுங்கள். தீ என்றால் 101.

சித்தூர்_வயர்மேன் (பாலக்காடு)

புல்கூடு (கிறிஸ்துமஸ் குடில்), ஸ்டார் விஷயம் ஒன்று பாக்கி. காய்ந்த வைக்கோலுக்குள் சீரியல் செட்டை விட்டு, அதன் முன்னால் மெழுகுவர்த்தியும் ஏற்றுவார்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், எல்இடி போதும். பிளக் இல்லாமல் ஒயரைப் பிரித்து, சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற வேலை இன்னும் நடக்கிறது. வாசலில் பனி இறங்கி நனைகிற ஸ்டார் ஒயர், ஆறு வயதுப் பையன் எட்டுகிற உயரம். நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஒட்டுப் போட்ட ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரே நீள ஒயர் போடுங்கள், அது ஒன்றும் பெரிய செலவில்லை. படுக்கப் போகும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

வெந்நீர் ராடும் அப்படித்தான். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்தான், மாற்றுங்கள். எம்சிபி இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஈஎல்சிபிதான் ஆளைக் காப்பாற்றும்.

பழைய_லயம்

எல்லாவற்றையும் படித்தேன். வயர்மேன் தம்பி சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய வீட்டில் ராத்திரி படுத்தால் ஓட்டிடுக்கில் நட்சத்திரம் தெரியும், அது உண்மைதான்.

பாப்பா, அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். கணப்பை விட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். சாயந்திரம் திண்ணையில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, சோறு தின்று, கதை பேசி, ஒன்பது மணிக்கு அணைத்துவிடுங்கள். குளிர் காய்வது அதற்குத்தானே. திண்ணையின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடியிருந்தால் அதைச் சுருட்டி விடுங்கள். சாம்பலை அப்படியே பிளாஸ்டிக் வாளியில் அள்ளி விறகு அடுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு கங்கு உயிரோடு இருந்தால் விடிவதற்குள் விறகு பற்றிவிடும். எங்கள் டிவிஷனில் அப்படி ஒரு வீட்டின் முன்பக்கம் போனது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, இரும்புச் சட்டியோடு வெளி முற்றத்தில் வைக்க வேண்டும்.

கொழுந்து_மலை (மூணாறு)

தாத்தா சொன்னதை அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அந்த மனுசனே சொல்றாருன்னா சரி" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்கள். நேபாளத்துக் குழந்தைகளைப் பற்றிக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கணப்பு திண்ணையில்தான் என்று முடிவாகிவிட்டது. அலாரத்துக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. அண்ணியிடமும் வெந்நீர் வாளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

வயர்மேன் அண்ணா, ஈஎல்சிபி இருக்கிறது, பொத்தானை அழுத்தினேன், விழவில்லை. எங்கள் வீட்டில் பெரிய சாக்கெட்டே கிடையாது. அண்ணன் ஹீட்டர் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்.

சித்தூர்_வயர்மேன் (பாலக்காடு)

ஹீட்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். ஈஎல்சிபியை முதலில் மாற்றியே ஆக வேண்டும், அவர்கள் வருவதற்கு முன்னால். எஸ்டேட் வீடு என்பதால் லைன் வேலையை எஸ்டேட் எலக்ட்ரீஷியனிடம் எழுதிக் கொடுத்தே செய்யச் சொல்லுங்கள், வெளியாளை வைத்து மீட்டர் பக்கம் கை வைக்காதீர்கள். போர்டைத் திறந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டாம், மூடியபடியே எடுத்து இங்கே போடுங்கள். என்ன அளவு வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.